கீழே கிடப்பதன் மேல் ஒரு பிராது

கொளஞ்சி கட்டிய பிராதுக்கு எதிராளி ஆஜரானது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சுரங்கத்தில் முதல் ஷிப்டு ஆட்கள் இறங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, கரிச்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த ராட்சச இயந்திரம் ஒரு வாய் கரியைக் கவ்வி எடுத்ததும், அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து அது எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, கரித்தூளை நாலு பக்கமும் தெறிக்கவிட்டு, காலுக்கு மூன்று குளம்பாக நாலு கால் வைத்து நடந்து, அங்கே நின்ற கூலியாட்கள் இருபது பேரையும் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துவிட்டு, லாரி ஏறுகிற சாய்வுப் பாதையில் வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாகவே மேலே ஏறி வந்தது. கொம்பு கிடையாது. எருமைக் கன்றைவிடப் பெரிசு, எருமையைவிடச் சின்னது, முகம் மட்டும் குதிரைக்குப் போல நீளம். தார் ரோட்டைத் தாண்டி, பலாமேட்டுக்குள் நுழைந்து, யாரையும் எதையும் சட்டை பண்ணாமல் நேராக ஒத்தவேல் முனியப்பர் கோயிலுக்குப் போய், வேலுக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

அதன் பின்னாலேயே மஞ்சள் ஹெல்மெட்டும் கையுமாக ஓடி வந்தவன் கொளஞ்சியின் புருசன் பாவாடை. அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. வந்தவன் கோயிலில் நிற்காமல் வீட்டுக்கு ஓடி, முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவளிடம், "கொளஞ்சி, நீ எழுதிக் கட்டுனியே, அந்த ஆளு வந்து நிக்கிதுடி" என்றான். "வந்துட்டுதா, இருக்கட்டும்" என்று எழுந்து, கையில் ஒட்டின கொட்டைப்பாலைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, கொல்லையிலிருந்து ஒரு முந்திரி மிளாறை ஒடித்துக்கொண்டுதான் கிளம்பினாள் அவள்.

பலாமேட்டுக்காரர்களுக்கு இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. முனியப்பருக்குப் பிராது கட்டினால் மூன்று அமாவாசைக்குள் எதிராளி வந்தாக வேண்டும். ஆடு திருடினவன் வந்திருக்கிறான், வரப்பை வெட்டினவன் வந்திருக்கிறான், பெண்டாட்டியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு ஓடினவன் பஸ்ஸை விட்டிறங்கிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றிருக்கிறான். ஒரு வெள்ளைத்தாளில் குறை சொல்பவர் பேர், குறை, எதிராளி பேர் எல்லாவற்றையும் பூசாரி தனக்கோடி எழுதித் தருவார். குறைக்காரர் கைநாட்டு வைத்து, தாளைச் சுருட்டி, வேலில் நூலால் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எதிராளி பேர் இல்லாத பிராது செல்லாது, பேர் தெரியாமல் முனியப்பர் யாரைப் போய் இழுத்து வருவார்? இன்னொன்றும் உண்டு. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். அப்பன் கட்டினதை மகன் தொட முடியாது, பெண்டாட்டி கட்டினதைப் புருசன் தொட முடியாது, கட்டின கையே வந்து அவிழ்த்தால்தான் அது வாபஸ்.

கொளஞ்சிக்கு இருந்த குறை ஊருக்கே இருந்ததுதான். கம்பெனி பலாமேட்டை மூன்று பக்கமும் தின்றுவிட்டு நாலாவது பக்கம் கல் நட்டிருந்தது. முதலில் எடுத்ததே இடுகாட்டைத்தான், அதைச் சொல்ல வயிறு எரிகிறது. அதனால் நாலு வருசத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போன பதினாறு வயசு மகள் பூவரசியைக் கொளஞ்சியும் பாவாடையும் சொந்த முந்திரிக்கொல்லையின் ஈசானி மூலையில் புதைத்தார்கள். இப்போது அந்தக் கொல்லைக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. மண்ணும் கரியும் யாருக்கோ போய்த் தொலையட்டும், தன் மகளை எந்த இயந்திரமும் வாயில் கவ்வி எடுத்து லாரியில் கொட்டக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைக் கேட்டு அவள் நில எடுப்பு அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தாள் என்பது செருப்புக்குத்தான் தெரியும். போகும்போதெல்லாம் அதிகாரி மோகனரங்கன் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"இதோ பாரும்மா, மேல இருக்குற மண்ணு வரைக்கும்தான் உங்களுது. கீழ என்ன கெடந்தாலும் அது சர்க்காருது. சர்க்கார் அதைக் கம்பெனிக்குக் குடுத்தாச்சு. இதுல நான் என்ன பண்ண முடியும்?"

அவர் தங்கமான மனுசன், குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இப்படிச் சிரித்த முகமாக விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு உட்காரச் சொல்கிறவனை என்ன செய்வது?

அதனால்தான் பிராது கட்டப் போனாள். "எதிராளி யாரு?" என்று தனக்கோடி கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனிக்கு முகம் இல்லை. மோகனரங்கனுக்கு மேலே ஒருத்தர், அவருக்கு மேலே ஒருத்தர், எல்லாரும் ஆறு மாசத்தில் மாறிப் போகிறவர்கள். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தவள் கடைசியில், "எழுதுங்க பெரியப்பா. பலாமேட்டுக்குக் கீழ கெடக்குறது மேல எழுதுங்க. அந்தச் சனியன் கீழ கெடக்கப் போயிதான அத்தனை பேரும் வந்து நம்ம கழுத்தப் புடிக்கிறானுவ" என்றாள். தனக்கோடி எழுதுகிறவர், எழுதச் சொன்னதை எழுதினார். 'எதிராளி: பலாமேட்டுக்குக் கீழே கிடப்பது.'

அதுதான் இப்போது வந்து நின்றது.

விசாரணைக்கு முன்னால் எதிராளிக்குத் தண்ணீர் காட்டலாமா கூடாதா என்று ஊரில் பெரிய தகராறே நடந்தது. மேலத்தெருக்காரர்கள் கூடாது என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் வாயில்லாத சீவன் என்றார்கள், மகளிர் குழுவில் கைதூக்கிப் பார்த்துத் தண்ணீர் காட்டலாம் என்று முடிவானது. பலாச்சக்கையைப் போட்டால் மேலுதட்டை மடக்கி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தின்றது. பால் சொசைட்டிக்காரர் கறக்குமா என்று மடியைத் தேடிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார். நாய்கள் முதல் நாள் குரைத்தன, மறுநாள் அதன் நிழலில் படுத்துக்கொண்டன. எல்லாரும் அதை 'எதிராளி' என்றே கூப்பிட்டார்கள். "எதிராளி உங்க பக்கம் வந்திச்சா?" "எதிராளிக்குச் சக்கை எடுத்து வெச்சியாடி?" என்று தெருவில் சர்வசாதாரணமாகப் பேச்சு நடந்தது.

ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. யார் எதிரே வந்து நின்றாலும் தலையைக் குனிந்து, காதை முன்னால் மடித்து, சொல்வதைக் கடைசிவரை கேட்கும். இப்படிக் கேட்பவர்களைப் பலாமேடு பார்த்ததே இல்லையா, பத்து வருசமாக ஆபீஸ் ஆபீஸாகப் போய் சார் சார் என்று குழைந்துவிட்டு வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். கிணறு வற்றினவர் வந்து ஏசினார், வெடி வைத்ததில் சுவர் பிளந்தவள் வந்து ஏசினாள், வேலை தருகிறோம் என்று சொல்லி வாங்கின நிலத்துக்குத் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்களே என்று ஒரு பட்டதாரி வந்து கெட்ட வார்த்தையாகவே ஒரு மணி நேரம் ஏசிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, லேசான மனசோடு வீட்டுக்குப் போனான். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்து ஏசினார்கள். எல்லாவற்றையும் அது கேட்டுக்கொண்டது.

கொளஞ்சிக்கு ஏச்சு போதவில்லை. தினமும் காலையில் மிளாறோடு வந்து, "எம் மவ உனக்கு என்னா பண்ணினா? சொல்லு, என்னா பண்ணினா? அவ பாட்டுக்குத் தூங்குறா. உன்னைத் தோண்டுறதுக்கு அவளைத் தோண்டுவானுவளாமே, நீ யாரு பெத்த மகராசன்?" என்று கேட்டு, முதுகில் விளாசுவாள். தடித்த தோல், அதற்கு வலித்ததோ என்னவோ, நகரவே நகராது. அது நகராத கோபத்தில் இன்னும் நாலு போடுவாள். அடித்து அடித்துக் கை வீங்கிப் போய்ப் பாவாடைதான் எண்ணெய் தேய்த்துவிட்டான்.

இருபதாவது நாள் அது கோயிலில் இல்லை. தேடிப் போனால், ஐயோ, முந்திரிக்கொல்லையில், ஈசானி மூலையில், பூவரசியின் மேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அசைபோடாமல் சும்மா கிடக்கிறது. "எழுந்திருடா மூதேவி! யாரு மேட்டுல வந்து படுக்குற!" என்று கொளஞ்சி கத்தின கத்தலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. அது எழுந்து, மேட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, கொல்லைக் கடைசியில் சுரங்கத்து விளிம்புக்குப் போய் நின்றது. மிளாறை ஓங்கிக்கொண்டு பின்னாலேயே போனவள் அங்கேதான் அதன் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள்.

கீழே கரிச்சுவர் கறுப்பாக ஒரு மைல் நீளத்துக்கு இருந்தது. இயந்திரம் அதில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் இந்தச் சீவனின் உடம்பு தோளிலிருந்து வால் வரை ஒரு தடவை நடுங்கிற்று.

ஷிப்டு முடிந்து விளிம்போரமாக வந்த பாவாடை அவள் கையைப் பிடித்தான். "அடிக்காதடி. நேத்து மெட்ராஸ்லேருந்து காலேஜ் மேடம் ஒருத்தங்க வந்து, இத அளந்து பாத்துட்டு, எங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க. இது காண்டாமிருகத்துக்குப் பாட்டன் மொறையாம். கொம்பு மொளைக்கிறதுக்கு முந்தி உள்ள சாதியாம். அஞ்சு கோடி வருசமாச்சாம் பூண்டத்துப் போயி."

"பூண்டத்துப் போனது எதுக்குடா இங்க வந்து நிக்கிது?"

"அந்தக் கரி இருக்குதுல்ல, அது கரி இல்லியாம் அப்போ. காடாம். மரமாம். இது மேஞ்ச காடுதான் அது. இதோட ஆத்தா, குட்டி, கூட்டம் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குதாம். அதத்தான் நாங்க தினமும் லாரில ஏத்துறோம்." பாவாடை ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "எனக்கும் நேத்துலேருந்து சோறு எறங்கலடி."

கொளஞ்சி கையிலிருந்த மிளாறைப் பார்த்தாள். இருபது நாளாகத் தான் அடித்தது யாரை என்று அவளுக்கு அப்போது விளங்கிற்று. தன்னை மாதிரியே ஒருத்தியை, தன் சனத்தை எவனோ தோண்டி எடுப்பதை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பிடித்து அடித்திருக்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அது பதில் சொல்லாமல் நின்றதும் அதனால்தான், அதன் கேள்வியும் அதேதான். மிளாறைச் சுரங்கத்துக்குள் வீசி எறிந்துவிட்டு, அந்தக் கரடுமுரடான கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி பாவி, அடிக்க அடிக்க நின்னியே" என்று ஓவென்று அழுதாள். அழுது முடித்தபோது கோபம் போகவில்லை, முகவரி மட்டும் மாறியிருந்தது.

மறுநாள் காலை மோகனரங்கன் ஜீப்பில் வந்தார். கூட இரண்டு போலீஸ், கையில் ஒரு காகிதம். கோயில் வாசலில் கூட்டம் கூடியதும், சிரித்த முகமாகவே படித்துக் காட்டினார். மேற்படி பொருள் தரைமட்டத்துக்குக் கீழே நூறு மீட்டர் ஆழத்தில், குத்தகைப் பரப்புக்குள் கிடைத்திருப்பதால், அது கனிமம். கனிமம் கம்பெனிக்குச் சொந்தம். நாளைக்கு லாரி வரும், யாரும் தடுக்கக் கூடாது.

"கனிமமா?" என்றார் தனக்கோடி. "சாணி போடுதே சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கீழேருந்து வந்துச்சா இல்லியா? கீழேருந்து வந்தா கனிமம்."

கொளஞ்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள். "கீழ கெடக்குறது எல்லாம் உங்களுதா சார்?"

"ஆமாம்மா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"எல்லாம்னா எல்லாமா?"

"எல்லாம்தான்."

"அப்ப எம் மவளும் கீழதான் சார் கெடக்குறா. பேரு பூவரசி. பத்தாவதுல நானூத்து முப்பது மார்க்கு. இடது காலு கட்டைவெரல்ல ஒரு தழும்பு இருக்கும், முந்திரிக்கொட்டை சுட்டது. அவளையும் உங்க காயிதத்துல கனிமம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போடுங்க சார், பேனா இல்லியா? தனக்கோடிப் பெரியப்பா, அந்த எழுதுற பேனாவ அவருக்குக் குடுங்க!"

மோகனரங்கன் முதல்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினார். "அது வேறம்மா" என்றார். "என்னா வேற? சொல்லிட்டுப் போ, என்னா வேற?" என்று அவள் கேட்டது ஜீப்புப் புகைக்குள் போயிற்று.

அன்று மத்தியானம் கொளஞ்சி வேலுக்குப் போய்த் தான் கட்டின பிராதைத் தன் கையாலேயே அவிழ்த்துக் கிழித்தாள். இன்னொரு வெள்ளைத்தாளைத் தனக்கோடி முன்னால் வைத்து, "எழுதுங்க. குறை சொல்றவங்க பேரு, இது" என்று கொம்பில்லாத அந்தத் தலையைத் தொட்டுக் காட்டினாள். "எதிராளி பேரு, மோகனரங்கன்லேருந்து ஆரம்பிச்சு, இந்த நெலத்துக் காயிதத்துல கையெழுத்துப் போட்ட அத்தனை பேரு. மாத்தலாயிப் போனவன், பென்சன் வாங்குறவன் ஒருத்தனும் வுடாம எழுதுங்க. நோட்டீசு நோட்டீசா நான் சேத்து வெச்சிருக்கேன், எல்லாத்துலயும் பேரு இருக்குது." போன தடவை முகம் தெரியாமல் எழுதினது எவ்வளவு பெரிய பிசகு என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பதினேழு பேர் வந்தது. குறையில் என்ன எழுதுவது என்று தனக்கோடி கேட்க, அவள், "எங்க சனத்தத் தோண்டுறானுவ. அது போதும்" என்றாள்.

பாவாடை கரித்தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்தான். அதன் முன்னங்காலைத் தூக்கித் தோய்த்துத் தாளில் வைத்தார்கள், மூன்று குளம்பும் சுத்தமாக விழுந்தது. சுருட்டிய தாளை நூலோடு மேலுதட்டால் கவ்வி வேலில் தானே மாட்டி, அது மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் வேம்பு நிழலில் படுத்தது. வழக்கமெல்லாம் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் லாரி வந்தது. பெண்கள் குறுக்கே படுத்தார்கள், போலீஸ் இழுத்துப் போட்டது, கொளஞ்சிக்கு இரண்டு வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. கம்பியால் கால்களைக் கட்டி அதை ஏற்றிவிட்டு, 'கனிமம், உருப்படி ஒன்று' என்று ரசீது கிழித்துத் தனக்கோடி கையில் கொடுத்தார்கள். கம்பெனிக் கொட்டகையில் சிமெண்டுத் தரையில் ஒன்பது நாள் அது எதையும் தின்னாமல் நின்றது, பத்தாம் நாள் செத்துப் போயிற்று. சாவுக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லிப் பாவாடை நாலு நாள் அலைந்தான். கடைசியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், மோகனரங்கன் கையெழுத்தோடு. 'மேற்படி இனம் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. ஆகவே தற்போது மரணம் எதுவும் நிகழவில்லை.' படுபாவிகள், அதை இப்படித்தான் எழுதினார்கள், எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

கொளஞ்சி அந்தக் கடிதத்தை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. முதல் அமாவாசை போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவது அமாவாசையன்று காலையில் முந்திரிக்கொல்லையை வெட்டப்போவதாகத் தண்டோரா போட்டுவிட்டு, நாலு மண்வாரி இயந்திரங்களையும் ஒரு வேன் போலீசையும் கொண்டுவந்து ஈசானி மூலையிலேயே நிறுத்தினார்கள். கொளஞ்சி மகளின் மேட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பாவாடை. முதல் இயந்திரம் உறுமிக்கொண்டு முன்னால் வந்ததுதான் தாமதம், சுரங்கத்திலிருந்து சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. விபத்து நடந்தால்தான் அந்தச் சங்கு ஊதும்.

கரிச்சுவரிலிருந்து அவை எழுந்து வந்தன. ஒன்றல்ல, பத்தல்ல, ஒரு மைல் நீளத்துக்கு, பெரிசும் சின்னதும், தாயும் குட்டியும், உடம்பை உதறிக் கரித்தூளைத் தெறிக்கவிட்டு, மூன்று மூன்று குளம்பு வைத்து, சாய்வுப் பாதை நிறைந்து, லாரிகளைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் மேலே ஏறி வந்தன. ராட்சச இயந்திரத்தின் ஆபரேட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அவை தார் ரோட்டைத் தாண்டின, கொல்லைக்குள் வந்தன, மண்வாரிகளுக்கும் மேட்டுக்கும் நடுவில், ஒரு ஆள் நுழைய இடமில்லாமல் நெருக்கி நின்றன. மேட்டை ஒன்றுகூட மிதிக்கவில்லை. மீதி இருந்தவை ஊருக்குள் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டும் மூன்றுமாக நின்றுகொண்டன. பெண்கள் உள்ளே போய்த் தவலையில் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார்கள்.

சுடலாமா என்று போலீஸ் கேட்டது. வனத்துறை, எங்கள் பட்டியலில் இப்படி ஒரு விலங்கே இல்லை என்றது. கம்பெனித் தலைமையகம், கனிமத்தைச் சுட்டால் சேதாரம், எதுவானாலும் எழுதிக் கேளுங்கள் என்றது. மோகனரங்கனும் பிராதில் பேர் இருந்த மற்ற பதினாறு பேரும் அன்று மாலைக்குள் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மாற்றலாகிப் போனவர்கள் தூரத்து ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள், ஒருத்தர் டாக்ஸியில், ஒருத்தர் வீட்டுச் செருப்போடு. ஏன் கிளம்பினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. வேலுக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நின்றார்கள்.

கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும் என்ற வழக்கத்தைத் தனக்கோடி அவர்களிடம் சொன்னார். மோகனரங்கன் வேர்த்து விறுவிறுத்து முந்திரிக்கொல்லைக்கு வந்து, அந்த உடம்புகளின் நடுவே ஒதுங்கி ஒதுங்கி, மேட்டில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, கொல்லைய விட்டுடறோம். எழுதியே தர்றோம். நீங்க வந்து அந்தப் பிராதை அவுத்துடுங்கம்மா. எங்களால அந்த எடத்தை விட்டு வீட்டுக்குப் போக முடியல. போனாலும் காலு திரும்ப அங்கதான் கொண்டாந்து விடுது."

கொளஞ்சி நிதானமாகச் சுருக்குப்பையைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவிப் பிரித்து அவரிடம் கொடுத்தாள்.

"கட்டுனவங்கதான் சார் அவுக்கணும். கட்டுனது நான் இல்ல. கட்டுனது செத்ததா இல்லியான்னு நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சாவலைன்னா எங்கயோ இருக்கும்ல, போயிக் கூட்டியாங்க."

சொல்லிவிட்டு அவள் மகளின் மேட்டில் உதிர்ந்து கிடந்த முந்திரி இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மோகனரங்கன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவரைச் சுற்றிலும் அவை காதை முன்னால் மடித்து, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தன.